போயிங் 737 மேக்ஸ்: ஒரு விற்பனை வாக்குறுதியும் இரண்டு விபத்துகளும்

போயிங் 737 மேக்ஸ் என்பது அமெரிக்காவின் போயிங் நிறுவனம் தயாரிக்கும் பயணிகள் விமானம். 2017 மே மாதம் சேவைக்கு வந்தது. 2018 அக்டோபர் 29 அன்று இந்தோனேசியாவின் லயன் ஏர் நிறுவனத்துக்குச் சொந்தமான 737 மேக்ஸ் விமானம் ஜகார்த்தாவிலிருந்து புறப்பட்டு ஏறக்குறைய 13 நிமிடங்களில் ஜாவா கடலில் விழுந்தது. அதில் இருந்த 189 பேரும் இறந்தனர். 2019 மார்ச் 10 அன்று எத்தியோப்பியன் ஏர்லைன்ஸின் அதே வகை விமானம் அடிஸ் அபாபாவிலிருந்து நைரோபிக்குக் கிளம்பி 6 நிமிடங்களில் தரையில் மோதியது. இறந்தவர்கள் 157 பேர். இரண்டுமே தொழிற்சாலையிலிருந்து வந்து சில மாதங்களே ஆன புத்தம் புதிய விமானங்கள்.

இந்த விபத்துகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் "மென்பொருள் கோளாறு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அந்த விளக்கம் போதாது. மென்பொருள் தனக்கு இட்ட வேலையைத்தான் செய்தது. அந்த வேலை ஏன் இடப்பட்டது, அது ஏன் விமானிகளுக்குச் சொல்லப்படவில்லை என்று தேடிப் போனால், விமானத்தை விற்கும்போது போயிங் கொடுத்த ஒரு வாக்குறுதியில் போய் நிற்கிறோம். 'பழைய 737 ஓட்டியவர் இதையும் ஓட்டலாம், சிமுலேட்டர் பயிற்சி தேவையில்லை' என்பதே அந்த வாக்குறுதி.

தரையோடு ஒட்டிய விமானம்

737 முதன்முதலில் பறந்தது 1967-இல். சிறு நகரங்களின் விமான நிலையங்களில் உயரமான ஏணிகளோ சுமை ஏற்றும் இயந்திரங்களோ இல்லாத காலம் அது. ஆட்கள் கையாலேயே பெட்டிகளை ஏற்றும்படி விமானத்தின் உடல் தரைக்கு நெருக்கமாக அமைக்கப்பட்டது. அன்றைக்கு அது நல்ல யோசனைதான். ஆனால் எரிபொருளை மிச்சப்படுத்தும் பிற்கால எஞ்சின்கள் விட்டத்தில் பெரியவை. தாழ்வான இறக்கைக்கு அடியில் அவற்றுக்கு இடம் இல்லை.

2010 டிசம்பரில் ஐரோப்பாவின் ஏர்பஸ் நிறுவனம் தன் ஏ320 விமானத்துக்குப் புதிய எஞ்சின் பொருத்தி ஏ320 நியோ என அறிவித்தது. ஏ320 இயல்பாகவே உயரமானது என்பதால் அதற்கு இடப்பிரச்சினை இல்லை. போயிங்கோ முற்றிலும் புதிய விமானம் ஒன்றை உருவாக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. 2011 ஜூலையில், நீண்ட காலம் போயிங்கின் வாடிக்கையாளராக இருந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 260 ஏர்பஸ் விமானங்களை வாங்கப்போவதாக அறிவித்தது. புதிய விமானம் என்ற யோசனை அதோடு நின்றது. அடுத்த மாதமே, பழைய 737-க்குப் புதிய எஞ்சின் பொருத்தும் திட்டத்துக்குப் போயிங் இயக்குநர் குழு ஒப்புதல் அளித்தது.

முந்தைய 737-இன் எஞ்சின் விசிறி 61 அங்குலம். மேக்ஸின் விசிறி 69 அங்குலம். அதைத் தரையில் இடிக்காமல் வைக்க, எஞ்சினை இறக்கைக்கு முன்னால் தள்ளி, சற்று மேலே உயர்த்திப் பொருத்தினார்கள். மூக்குச் சக்கரத்தின் காலையும் 8 அங்குலம் நீட்டினார்கள். இதனால் விமானத்தின் குணம் சிறிது மாறியது.

ஓடும் பேருந்தின் சன்னலுக்கு வெளியே கையைத் தட்டையாக நீட்டிப் பார்த்தவர்களுக்கு (பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம்) ஒன்று தெரிந்திருக்கும். உள்ளங்கையின் முன்விளிம்பைக் கொஞ்சம் உயர்த்தினால் காற்று கையை மேலே தூக்கும். அளவுக்கு மீறி உயர்த்தினால் தூக்கல் நின்று, கை பின்னால் தள்ளப்படும். விமான இறக்கைக்கும் அப்படித்தான். எதிர்க்காற்றுக்கும் இறக்கைக்கும் இடையிலான கோணம் ஓர் எல்லையைத் தாண்டினால் இறக்கை தூக்குவதை நிறுத்திவிடும். விமானம் விழத் தொடங்கும். மேக்ஸில் மூக்கு மிக உயர்ந்திருக்கும் நேரத்தில், முன்னால் தள்ளி வைத்த எஞ்சின் கூடுகளே கூடுதல் தூக்கலைத் தந்து மூக்கை இன்னும் மேலே தள்ளின. அத்தகைய நேரத்தில் விமானியின் கைப்பிடி கனத்துக்கொண்டே போக வேண்டும் என்பது விதி. மேக்ஸில் அது இலகுவானது.

இதைச் சரிக்கட்ட வந்ததுதான் எம்காஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் மென்பொருள். கோணம் அதிகமாகிவிட்டது என்று உணரி சொன்னால், விமானியைக் கேட்காமலேயே வாலில் உள்ள கிடைமட்டச் சிறகைத் திருப்பி மூக்கைக் கீழே இறக்கும்.

வாக்குறுதியின் விலை

ஒரு விமான வகையிலிருந்து வேறு வகைக்கு மாறும் விமானிக்கு எவ்வளவு பயிற்சி தேவை என்பதை ஒழுங்குமுறை அமைப்புதான் முடிவு செய்யும். சிமுலேட்டர் என்பது தரையில் நிற்கும் போலி விமானி அறை; விலை மிகுந்தது, எண்ணிக்கையில் குறைந்தது. ஆயிரக்கணக்கான விமானிகளை அதில் உட்கார வைப்பது விமான நிறுவனங்களுக்குப் பெரும் செலவு. கையடக்கக் கணினியில் ஓரிரு மணி நேரப் பாடம் போதும் என்றால் அந்தச் செலவு இல்லை. இதுவே மேக்ஸின் விற்பனைக்கு முக்கியக் கவர்ச்சியானது.

737 வகை விமானங்களை மட்டுமே இயக்கும் சவுத்வெஸ்ட் நிறுவனத்துக்குப் போயிங் எழுதிக் கொடுத்த உறுதி பின்னர் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் வெளிவந்தது. சிமுலேட்டர் பயிற்சி தேவை என்று ஆகிவிட்டால் விமானம் ஒன்றுக்கு 10 லட்சம் டாலர் தள்ளுபடி. 2011 டிசம்பரில் சவுத்வெஸ்ட் கேட்ட முதல் 150 மேக்ஸ் விமானங்களுக்குக் கணக்குப் போட்டாலே 15 கோடி டாலர் வருகிறது.

இப்படி ஒரு விதி ஒப்பந்தத்தில் ஏறிவிட்டால் அது பொறியாளரின் மேசைக்கும் வந்து சேரும். 2013-ஆம் ஆண்டின் உட்கூட்டக் குறிப்பு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டுகிறது. எம்காஸைப் புதிய செயல்பாடு என்று விவரித்தால் சான்றளிப்பிலும் பயிற்சியிலும் கூடுதல் நிபந்தனைகள் வரலாம். ஆகவே ஏற்கெனவே 737-இல் உள்ள ஓர் அமைப்பின் நீட்சி என்றே வெளியில் குறிப்பிடுவோம் என்று அதில் பேசப்பட்டிருக்கிறது. என் பார்வையில் இந்த விவகாரத்தின் முழுக் கதையும் அந்தக் குறிப்பில் இருக்கிறது. யாரும் கெட்ட எண்ணத்தோடு பேசியதாக அதில் தெரியவில்லை. பெயர் சூட்டுவதில் எச்சரிக்கையாக இருப்போம் என்கிறார்கள், அவ்வளவுதான்.

முதலில் எம்காஸ் சாதுவாகவே இருந்தது. வேகமாகப் பறக்கும்போது மட்டும், இரண்டு வெவ்வேறு அளவீடுகள் ஒரே நேரத்தில் ஒத்துப்போனால் மட்டும் வேலை செய்யும். வால் சிறகை அதிகபட்சம் 0.6 பாகை திருப்பும். சோதனைப் பறப்புகளில் குறைந்த வேகத்திலும் சிக்கல் தெரிந்ததால் 2016-இல் அதை விரிவுபடுத்தினார்கள். 0.6 என்பது 2.5 பாகை ஆனது. இரண்டு அளவீடுகளில் ஒன்று கைவிடப்பட்டது. மிஞ்சியது கோண உணரி. அதுவும் விமானத்தில் இரண்டு இருந்தும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே எம்காஸ் கேட்டது. ஒருமுறை செயல்பட்டு விமானி அதைச் சரிசெய்தாலும் சில விநாடிகளில் மறுபடி செயல்படும். இரண்டு மூன்று தடவையில் வால் சிறகு ஏறக்குறைய அதன் எல்லைக்கே போய்விடும். அமைப்பு இவ்வளவு மாறிய பிறகும் ஒழுங்குமுறை அமைப்பிடம் கொடுத்த பாதுகாப்பு மதிப்பீட்டு ஆவணம் அதற்கேற்ப மாறவில்லை. அதே 2016-இல், எம்காஸ் பற்றிய குறிப்பை விமானிகளின் கையேட்டிலிருந்து நீக்கப் போயிங் அனுமதி கேட்டது, அனுமதியும் கிடைத்தது.

எம்காஸ் தவறாக இயங்கினால் விமானி நான்கு விநாடிக்குள் புரிந்துகொண்டு சரிசெய்துவிடுவார் என்பது போயிங்கின் கணிப்பு. 2012-லேயே போயிங்கின் சொந்தச் சோதனை விமானி ஒருவருக்கு சிமுலேட்டரில் அதற்குப் பத்து விநாடிக்கு மேல் ஆனது. நிஜத்தில் நடந்தால் பேரழிவு என்று அவர் கருதியதும் பதிவாகியிருக்கிறது. இப்படி ஒன்று இருப்பதே தெரியாத விமானிக்கு எத்தனை விநாடி தேவைப்படும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. இரண்டு கோண உணரிகளும் முரண்பட்டால் எச்சரிக்கும் விளக்கு எல்லா மேக்ஸ் விமானங்களிலும் எரிந்திருக்க வேண்டும். மென்பொருள் பிழையால், தனி விலை கொடுத்துக் கூடுதல் கருவி வாங்கிய நிறுவனங்களின் விமானங்களில் மட்டுமே அது வேலை செய்தது. 2017-இல் போயிங்குக்கு இது தெரிந்தது. 2020-இல் திருத்திக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டார்கள்.

லயன் ஏர் நிறுவனம் 2017-இல் தன் விமானிகளுக்கு சிமுலேட்டர் பயிற்சி வேண்டுமென்று கேட்டது. போயிங் ஊழியர்கள் அதைப் பேசிக் கலைத்தனர். அவ்வாறு கேட்டதை அவர்களுடைய முட்டாள்தனம் என்று தமக்குள் எழுதிக்கொண்ட மின்செய்திகள் 2020 ஜனவரியில் வெளியாயின. ஓராண்டு கழித்து ஜாவா கடலில் விழுந்தது அந்த நிறுவனத்தின் விமானம்தான். தலைமை விமானி டெல்லியைச் சேர்ந்த இந்தியர். அமெரிக்காவில் புதுப்பிக்கப்பட்டுத் தவறாக அளவீடு செய்யப்பட்ட ஓர் உணரி, உண்மையைவிட ஏறக்குறைய 20 பாகை கூடுதலாகக் காட்டியது. மூக்கு இறங்க இறங்க இருபது தடவைக்கு மேல் அவர் அதைத் தூக்கி நிறுத்தினார். தன்னோடு போராடுவது எது என்பது கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை.

திருத்துபவர் யார்?

அமெரிக்காவில் விமானங்களுக்குச் சான்றளிப்பது கூட்டரசு வான்போக்குவரத்து நிர்வாகம், சுருக்கமாக எஃப்.ஏ.ஏ. ஒவ்வொரு திருகாணியையும் அரசு அதிகாரியே பார்ப்பது நடவாத காரியம். அதனால் நிறுவன ஊழியர்களில் சிலரையே அரசின் சார்பில் சரிபார்க்க நியமிப்பது பல பத்தாண்டு கால வழக்கம். முன்பு அவர்களை எஃப்.ஏ.ஏ. தேர்ந்தெடுக்கும்; அவர்கள் எஃப்.ஏ.ஏ.விடம் நேரடியாகப் பேசுவார்கள். 2009-இல் போயிங் பெற்ற புதிய ஏற்பாட்டில் அவர்களைத் தேர்ந்தெடுப்பதும் நிர்வகிப்பதும் நிறுவனத்தின் பொறுப்பானது.

இதை மாணவனே தன் விடைத்தாளைத் திருத்துவது என்று சிலர் கேலி செய்கிறார்கள். அந்த உவமை முழுக்கச் சரியல்ல. செய்முறைத் தேர்வுக்கு வேறு பள்ளியிலிருந்து புறத்தேர்வர் வருவதை நிறுத்திவிட்டு, நம் பள்ளி ஆசிரியரையே புறத்தேர்வராக உட்கார வைப்பது போன்றது இது. அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் சம்பளமும் பதவி உயர்வும் தலைமையாசிரியர் கையில்.

இதற்கு ஒரு கட்சியை மட்டும் குறை சொல்ல முடியாது. நிறுவனங்களுக்கு இந்த அதிகாரத்தை மேலும் விரிவாக்கிய சட்டம் 2018-இல் பிரதிநிதிகள் அவையில் 398-க்கு 23 என்றும், செனட்டில் 93-க்கு 6 என்றும் நிறைவேறியது. அதிபர் டிரம்ப் அதில் கையெழுத்திட்டது அக்டோபர் 5. லயன் ஏர் விமானம் விழுந்தது அதற்கு 24 நாள் கழித்து. ஒழுங்குமுறையின் சுமையைக் குறைப்பது நாட்டின் போட்டித்திறனுக்கு நல்லது என்ற கருத்து அப்போது இரு கட்சிகளுக்கும் பொதுவாக இருந்தது.

இடைப்பட்ட நான்கு மாதங்கள்

முதல் விபத்தை எதிர்பாராதது என்று ஒருவர் வாதாடலாம். இரண்டாவதுக்கு அந்த வாதம் செல்லாது.

லயன் ஏர் விபத்து நடந்து பத்து நாளுக்குள் போயிங்கும் எஃப்.ஏ.ஏ.வும் விமானிகளுக்கு எச்சரிக்கை அனுப்பின. வால் சிறகு தானாக இயங்கினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பொத்தான்களை அழுத்துங்கள் என்றது அது. எம்காஸ் என்ற பெயர் அதில் இல்லை. டிசம்பரில் எஃப்.ஏ.ஏ. தனக்குள் ஒரு கணக்கு போட்டது. மென்பொருளை மாற்றாவிட்டால் இந்த வகை விமானங்களின் ஆயுட்காலத்தில் 15 விபத்துகள் வரை நடக்கலாம் என்று அதில் வந்தது. மென்பொருள் மாறும்வரை எச்சரிக்கை தாங்கும் என்று நம்பி, விமானங்களைத் தொடர்ந்து பறக்கவிட்டார்கள். இந்த மதிப்பீடு பொதுமக்களுக்குத் தெரியவந்தது ஓராண்டு கழித்து, நாடாளுமன்றக் குழுவின் விசாரணையில்.

எத்தியோப்பிய விமானிகள் எச்சரிக்கையில் சொன்னபடியே பொத்தான்களை அழுத்தினார்கள். ஆனால் அதற்குள் விமானத்தின் வேகம் மிகுந்துவிட்டது. வால் சிறகின் மீது காற்றின் அழுத்தம் தாங்க முடியாததாகி, கையால் சுழற்ற வேண்டிய சக்கரம் அசையவில்லை. வேறு வழியின்றி மின்சாரத்தை மீண்டும் இணைத்தார்கள்; எம்காஸ் மீண்டும் மூக்கை இறக்கியது.

மறுநாளே சீனா மேக்ஸ் விமானங்களை நிறுத்தியது. ஐரோப்பாவும் இந்தியாவும் பின்தொடர்ந்தன. போயிங்கின் தலைமை நிர்வாகி டென்னிஸ் முய்லன்பர்க் மார்ச் 12 அன்று அதிபர் டிரம்பைத் தொலைபேசியில் அழைத்து விமானம் பாதுகாப்பானது என்றார். மார்ச் 13 அன்று அமெரிக்காவும் நிறுத்தியது. விமானம் தயாரித்த நாடு, உலகின் பெரும் பகுதி நிறுத்திய பிறகு நிறுத்தியது அந்நாட்டு அமைப்பின் மதிப்புக்கு நேர்ந்த பெரிய அடி.

பணமும் பொறியியலும்

1997-இல் மெக்டானல் டக்ளஸ் நிறுவனத்தோடு இணைந்ததும், 2001-இல் தலைமையகத்தைத் தொழிற்சாலைகள் இருக்கும் சியாட்டிலிலிருந்து சிகாகோவுக்கு மாற்றியதும் போயிங்கைக் கெடுத்தன, கணக்குப்பிள்ளைகள் வந்து பொறியாளர்களை ஓரங்கட்டினார்கள் என்று ஒரு விளக்கம் பரவலாக உண்டு. 2013 முதல் 2019 வரை சுமார் 4,300 கோடி டாலரைத் தன் பங்குகளையே திரும்ப வாங்கப் போயிங் செலவிட்டது என்பது அதற்கு வலுச் சேர்க்கிறது. அப்படி வாங்கினால் சந்தையில் பங்கு விலை ஏறும். பங்குகளை ஊதியமாகப் பெறும் நிர்வாகிகளின் வருமானமும் ஏறும். ஆனாலும் எனக்கு அந்த விளக்கம் முழுத் திருப்தி தரவில்லை. முய்லன்பர்க் கணக்குப்பிள்ளை அல்லர். 1985-இல் பயிற்சி மாணவராகப் போயிங்கில் நுழைந்த வானூர்திப் பொறியாளர். பொறியாளர் என்பதாலேயே ஒருவர் சந்தையின் நெருக்கடிக்கு வெளியே நின்றுவிடுவதில்லை.

உள்ளேயிருந்து எச்சரித்தவர்களும் உண்டு. ரென்டன் தொழிற்சாலையில் மூத்த மேலாளராக இருந்த எட் பியர்சன், வேலை நெருக்கடியில் தொழிலாளர்கள் களைத்துத் தவறு செய்கிறார்கள், உற்பத்தியைச் சிறிது காலம் நிறுத்துங்கள் என்று 2018 ஜூனிலேயே மேலதிகாரிக்கு எழுதினார். உற்பத்தி நிற்கவில்லை. தொழிற்சாலைக் குறைகளுக்கும் இந்த விபத்துகளுக்கும் நேரடித் தொடர்பை அதிகாரப்பூர்வ விசாரணைகள் நிறுவவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

எத்தியோப்பிய விமானத்தில் இறந்தவர்களில் ஓர் இளம் அமெரிக்கப் பெண், ரால்ஃப் நேடரின் அக்காள் பேத்தி. 1965-இல் அமெரிக்கக் கார்களின் பாதுகாப்பின்மை பற்றி நூல் எழுதி, ஜெனரல் மோட்டார்ஸ் தன்னை உளவு பார்த்ததை வெளிக்கொணர்ந்து, மறு ஆண்டே கார்ப் பாதுகாப்புச் சட்டம் வரக் காரணமானவர் நேடர். எண்பது வயதைத் தாண்டியபின் தன் குடும்பத்துக்காக அதே வாதத்தை அவர் மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. 2020 டிசம்பரில் விமானச் சான்றளிப்பை இறுக்கும் சட்டம் நிறைவேறியதில் இறந்தவர்களின் குடும்பங்களுடைய உழைப்பு பெரிது.

தண்டனை

எஃப்.ஏ.ஏ.வை ஏமாற்றச் சதி செய்ததாகப் போயிங் மீது அமெரிக்க நீதித்துறை குற்றம் சாட்டியது. 2021 ஜனவரியில் 250 கோடி டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டு, மூன்றாண்டு ஒழுங்காக நடந்தால் வழக்கு கைவிடப்படும் என்று ஒத்திவைக்கப்பட்டது. அந்தத் தொகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 177 கோடி விமான நிறுவனங்களுக்கு இழப்பீடு. 50 கோடி இறந்தவர்களின் குடும்பங்களுக்கு. அபராதம் என்பது 24 கோடியே 36 லட்சம். போயிங்கின் தலைமைத் தொழில்நுட்ப விமானி மட்டும் தனியாக வழக்கை எதிர்கொண்டார்; 2022 மார்ச்சில் ஜூரி அவரை விடுவித்தது. வேறு எந்த நிர்வாகியும் குற்றவாளிக் கூண்டில் நிற்கவில்லை. 2019 இறுதியில் நீக்கப்பட்ட முய்லன்பர்க்குக்குச் சேர வேண்டிய பங்குகளும் ஓய்வூதியப் பலன்களுமாக 6 கோடி டாலருக்கு மேல் கிடைத்தது.

2024 ஜனவரி 5 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸ் மேக்ஸ் விமானம் ஒன்றின் பக்கவாட்டுக் கதவடைப்பு நடுவானில் பிய்ந்து போனது. மே மாதம், போயிங் உடன்பாட்டை மீறிவிட்டதாக நீதித்துறை அறிவித்தது. ஜூலையில் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போயிங் இசைந்தது. அந்த ஏற்பாட்டை டிசம்பரில் நீதிபதி ரீட் ஓகானர் நிராகரித்தார். 2025 மே மாதம் நீதித்துறை வழக்கையே கைவிட ஒப்புக்கொண்டது. அமெரிக்க வரலாற்றிலேயே அதிக உயிர்களைப் பலிகொண்ட நிறுவனக் குற்றமாக இதைக் கருதலாம் என்று முன்பு எழுதிய அதே நீதிபதி, பொதுநலனுக்கு இது உகந்ததல்ல என்று கருதினாலும் தடுக்கத் தமக்கு அதிகாரமில்லை என்று சொல்லி, நவம்பரில் வழக்கை முடித்துவைத்தார்.

இன்றைய மேக்ஸ்

2020 ஜனவரியில், சிமுலேட்டர் பயிற்சி தேவைதான் என்று போயிங் தானே பரிந்துரைத்தது. திருத்தப்பட்ட எம்காஸ் இரண்டு உணரிகளையும் ஒப்பிடுகிறது; அவை முரண்பட்டால் வேலை செய்யாது. ஒரு நிகழ்வுக்கு ஒருமுறைதான் செயல்படும். விமானி கைப்பிடியை இழுத்துச் சமாளிக்க முடியாத அளவுக்குப் போகாது. 2020 நவம்பர் 18 அன்று அமெரிக்காவில் தடை நீங்கியது. இந்தியாவில் 2021 ஆகஸ்டில் நீங்கியது. இங்கே மேக்ஸை இயக்கிய ஸ்பைஸ்ஜெட்டின் 90 விமானிகள் மேக்ஸ் ஓட்டக்கூடாது என்று 2022 ஏப்ரலில் இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம் தடுத்து, மறுபடி பயிற்சி பெற்று வரச் சொன்னது. அவர்கள் பயிற்சி பெற்ற நொய்டா சிமுலேட்டரில், விமானம் தூக்கலை இழக்கப்போகிறது என்று கைப்பிடியை அதிரவைத்து எச்சரிக்கும் கருவி ஒருபக்கம் வேலை செய்யாமலிருந்தது.